அறிவியல் ஆண்டுத் திட்டம்: வானத்தையும் கணக்கு வாத்தியாரையும் கேட்டுவிட்டு எழுதுங்கள்

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆண்டுத் திட்டம் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் 23 பாடங்கள். டிசம்பர் வரையுள்ள மாதங்களுக்கு அவற்றைப் பங்குபோட்டு, போன வருஷ நோட்டில் தேதியை மட்டும் மாற்றிவிடுவது வழக்கமாகிவிட்டது. போர்ஷன் முடிந்துவிடும், சந்தேகமில்லை. பிள்ளைகளுக்கு எவ்வளவு ஏறியது என்று அந்த நோட்டு சொல்லாது.

நான் திட்டம் எழுதுமுன் முதலில் புரட்டுவது கணக்குப் புத்தகத்தை. ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் 'இயக்கம்' இரண்டாவது பாடம். திசைவேகம்-காலம் வரைபடம் அங்கேயே வந்துவிடுகிறது. கணக்கிலோ ஆயத்தொலை வடிவியல் ஐந்தாவது இயல். எந்த அச்சில் எதைக் குறிப்பது என்றே தடுமாறும் பிள்ளையிடம் சாய்வைப் பற்றிப் பேசி என்ன பயன்? பத்தாம் வகுப்பில் மோல் கணக்கும் (ஒரு பொருளில் எத்தனை அணுக்கள், மூலக்கூறுகள் என்று காண்பது) இப்படித்தான். பலரும் அதை வேதியியல் சிரமம் என்று நினைக்கிறார்கள். விடைத்தாளைப் பார்த்தால், பத்தின் அடுக்குகளை வகுக்கும் இடத்தில்தான் பாதிப் பேர் விழுந்திருப்பார்கள். அந்தப் பாடத்துக்கு முன்னால் அடுக்குகளுக்கென்றே ஒரு பீரியட் ஒதுக்கினால் போதும்.

அடுத்து வானிலை. பாடத்திட்டம் போடுபவர்களுக்கு மாநிலம் முழுவதும் ஒரே மாதிரி, நமக்கு அப்படியில்லை. ஒளிச்சேர்க்கையைக் காட்டும் சோதனைக்குழாய்-புனல் ஆய்வுக்கு நல்ல வெயில் வேண்டும். ஹைட்ரில்லா என்ற நீர்த்தாவரம் வைத்த பீக்கரை ஜன்னலோரம் வைத்தால் ஆக்ஸிஜன் குமிழிகள் வரிசையாக மேலே வரும், வகுப்பே எழுந்து பார்க்கும். புத்தக வரிசையிலேயே போகிறவருக்கு இந்தத் தாவரப் பாடம் 12-வதாக, வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான் வந்து சேரும். மூடிய வானத்தில் குமிழி எங்கே வரும்? தொலைவிலுள்ள பொருளை வைத்துக் குவிலென்ஸின் குவியத்தொலைவு காண்பதற்கும் வெளியே வெளிச்சம் வேண்டும், ஜூலையிலேயே முடித்துவிடலாம். நிலைமின்னியல் சோதனைகளுக்கு வேண்டியது காய்ந்த காற்று. கடலோர ஊர்களில் நவம்பரில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துண்டை இழுக்கப் பார்த்தால், ஈரக்காற்றில் மின்னூட்டம் ஒழுகிப் போய்விடும். (எண்ணெய் தடவிய தலையில் தேய்த்தாலும் சரியாக வராது. பலூனையோ ஸ்ட்ராவையோ காய்ந்த துணியில் தேய்ப்பது மேல்.) சோதனை நடக்காத வகுப்பில் பிள்ளைகள் நம்பிக்கையின் பேரில்தான் பாடத்தை எழுதிக்கொள்கிறார்கள்.

காலாண்டுத் தேர்வுக்குப் பொது வினாத்தாள் வருகிறதே, வரிசையை எப்படி மாற்றுவது என்று கேட்பீர்கள். பாடத்தை மாற்ற வேண்டியதில்லை. சோதனையை மட்டும் முன்னால் காட்டிவிட்டு, பாடம் வரும்போது அதை நினைவூட்டினால் ஆயிற்று.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண், எழுத்துத் தேர்வுக்கு 75. தேர்ச்சிக்குச் செய்முறையில் 15-உம் எழுத்தில் 20-உம் எடுத்து, மொத்தம் 35 வர வேண்டும். இவ்வளவு இருந்தும் பல பள்ளிகளில் செய்முறை ஜனவரிக்குப் பிறகு ஒரே மூச்சில் நடக்கிறது. ரெக்கார்டு நோட்டு பெஞ்சு பெஞ்சாகக் கைமாறுகிறது. பாடம் நடத்தும் வாரத்திலேயே அதன் செய்முறையையும் எழுதிவைத்தால் இந்தக் கூத்து இருக்காது.

அதற்குக் கால அட்டவணை ஒத்துழைக்க வேண்டும். ஒற்றைப் பீரியடில் கருவிகளை எடுத்து வைப்பதற்குள்ளேயே கால்வாசி நேரம் போய்விடும், கடைசியில் கழுவி அடுக்கவும் நேரம் வேண்டும். அதனால் வாரத்துக்கு ஒருமுறையாவது இரண்டு பீரியட் சேர்த்துத் தரும்படி, அட்டவணை சுவரில் ஒட்டப்படுவதற்கு முன்பே தலைமையாசிரியரிடம் கேளுங்கள். ஒட்டிய பிறகு கேட்டால் பி.டி. பீரியடைத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதற்குப் பிள்ளைகள் நம்மை மன்னிக்கவே மாட்டார்கள்.