சீம்பால் டின்னும் பாதியில் நின்ற மாத்திரையும்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்த ஓர் அக்கா, பினாங்கில் எங்கள் மருந்தகக் கவுன்டரில் ஒரு டின்னை எடுத்து வைத்தார். சீம்பால் மாவு. கணவருக்குக் குடல் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்து கீமோ மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. "இதுல இரும்பு பிடிக்கிற பால் புரதம் இருக்காம்மா, புற்றுநோய் செல்லைக் கொன்னுடுமாம்" என்றார். மாத்திரையையும் காட்டுங்கள் என்றேன். 14 நாளில் தீர்ந்திருக்க வேண்டிய பட்டையில் பாதி அப்படியே இருந்தது. மாவைக் குடித்தால் வயிறு நிரம்பிவிடுகிறது, அப்புறம் மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று மாமாவே நிறுத்திவிட்டாராம்.

விற்றவர் சொன்னது முழுப் பொய் என்றால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அந்தப் புரதம் நிஜம். லாக்டோஃபெரின் என்று பெயர், ஒரு மூலக்கூறு இரண்டு இரும்பு அணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்பு ஏறினால் இளஞ்சிவப்பாகத் தெரியும். கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்வது அதன் வேலைகளில் ஒன்று, தாயின் சீம்பாலில் அது நிறைய இருப்பதும் அதற்காகத்தான். ஆய்வகத் தட்டில் புற்றுநோய் செல்களை அது தடுத்திருக்கிறது. ஜப்பானில் பெருங்குடலில் சின்னச் சின்னப் பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, இருந்தவர்களுக்குத் தினம் 3 கிராம் வீதம் ஒரு வருஷம் கொடுத்ததில் பாலிப் வளர்வது குறைந்தது. பாலிப்தான், புற்றுநோய் இல்லை. அந்த 3 கிராமைச் சாதாரண மாட்டுப்பாலில் எடுக்க வேண்டுமென்றால், லிட்டருக்குச் சுமார் 0.1 கிராம் என்று வைத்துக்கொண்டால், 30 லிட்டர் குடிக்க வேண்டும். அதையும் நம் வீட்டில் பொங்கப் பொங்கக் காய்ச்சினால் புரதம் உருக்குலைந்துவிடும்.

பிறகு இதே புரதத்தை மருந்தாகவே தயாரித்து நுரையீரல் புற்றுநோய் நோயாளிகளுக்கு வாய்வழி கொடுத்தார்கள். ஆரம்பச் சோதனையில் நல்ல பலன். 2012இல் 742 பேரிடம் நடந்த மூன்றாம் கட்டச் சோதனையில், வெற்று மருந்து குடித்தவர்களைவிட இவர்கள் கூடுதல் நாள் வாழவில்லை. விற்பவர்கள் இந்த வருஷத்தை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் கத்தரீனா ஸ்வான்பரி குழு 1995இலிருந்து வெளியிட்டு வந்தது வேறு கதை. தாய்ப்பாலில் உள்ள ஆல்ஃபா லாக்டல்புமின் என்ற இன்னொரு புரதம் கால்சியத்தைப் பிடித்திருக்கும். கால்சியத்தை உருவிவிட்டால் புரதத்தின் மடிப்பு தளரும், அப்போது ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் வந்து ஒட்டிக்கொள்ளும், அந்தக் கூட்டுதான் புற்றுநோய் செல்லைக் கொல்கிறது. அதைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், குடிக்கவல்ல, குழாய் வழியே நேராகச் சிறுநீர்ப்பைக்குள். டின்னில் இருக்கும் மாவும் இதுவும் ஒன்றல்ல.

மலேசியாவில் புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்ய 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடை போடுகிறது. அதனால்தான் டின் மேல் ஒரு வரியும் இருக்காது, எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வரும். மாவு, கஷாயம், எதை வாங்கினாலும் முதலில் கவுன்டருக்குக் கொண்டு வாருங்கள், திட்ட மாட்டோம். குமட்டல்தான் பிரச்சினை என்றால் அதற்குத் தனி மாத்திரை இருக்கிறது.

டாக்டருக்கு போன் போட்டு மாமாவை மறுநாளே வரச் சொன்னோம். அக்கா டின்னை மூடிக்கொண்டே, "அப்போ இதைப் பேரனுக்குக் கலக்கிக் கொடுக்கலாமா, காசு போட்டு வாங்கினதாச்சே" என்றார். பேரனுக்குப் பால் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன்.