தொடையில் விழும் உதை: கிக்பாக்ஸிங்கின் போக்கை மாற்றிய அடி

1988இல் லாஸ் வேகஸில் அமெரிக்கரான ரிக் ரூஃபஸ், தாய்லாந்தின் சாங்புவெக் கியாட்சோங்ரித்தை முதல் ரவுண்டிலேயே வீழ்த்தி, தாடையையும் உடைத்தார். ஆனாலும் ஆட்டத்தை முடித்தவர் சாங்புவெக்தான். ரவுண்டுக்கு ரவுண்டு அவர் ரூஃபஸின் தொடையை மட்டுமே குறிவைத்து உதைத்தார். கடைசியில் ரூஃபஸால் நிற்கவே முடியவில்லை. முகத்தில் விழுந்த அடியைத் தாங்கிக்கொண்ட ஒருவர் வெல்ல, தொடையில் அடிவாங்கியவர் சாய்ந்தது எப்படி?

கீழுதை, அதாவது 'லோ கிக்', முழங்காலுக்கு ஒரு சாண் மேலே தொடையின் வெளிப்புறத்தில் இறங்கும். அடிப்பது பாதமல்ல, முழங்காலுக்குக் கீழேயுள்ள கணைக்கால் எலும்பு. அதற்கும் உள்ளே இருக்கும் தொடை எலும்புக்கும் நடுவே தசை மாட்டிக்கொண்டு நசுங்குகிறது. நார்கள் கிழிகின்றன, நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடைகின்றன. தசையைச் சுற்றியுள்ள உறை எளிதில் விரிந்துகொடுக்காது என்பதால், கசிந்த ரத்தம் உள்ளேயே அழுத்தத்தை ஏற்றுகிறது. முழங்காலை நீட்டிப் பிடிப்பது இந்தத் தசைதான். வலி கூடக்கூட நரம்பு மண்டலமே அதன் இயக்கத்தைக் குறைத்துவிடும். அதன்பின் எவ்வளவு மன உறுதி இருந்தாலும் முழங்கால் மடங்கும். முதல் இரண்டு மூன்று உதைகளில் எதுவும் தெரியாது. ரவுண்டு இடைவேளையில் உட்கார்ந்து எழும்போதுதான் கால் விறைத்துப்போனது புரியும்.

உதையின் விசை பிறக்குமிடம் இடுப்பு. வலக்காலால் உதைப்பவர் முதலில் இடக்காலைச் சற்று வெளிப்பக்கமாக, ஏறக்குறைய 45 டிகிரியில் எடுத்து வைக்க வேண்டும். பிறகு அந்தக் குதிகால் உயர்ந்து, முன்பாதத்தின் மேல் உடல் சுழலும். வலக்கை பின்னோக்கி வீசப்படும். இடக்கை கன்னத்தை விட்டு அகலக் கூடாது. ஊன்றிய பாதம் சுழலாவிட்டால் இடுப்பு பாதியில் நின்றுவிடும், முறுக்கு முழுவதும் ஊன்றிய முழங்காலில் ஏறும். தூரம் கூடிப்போனால் புறங்கால்தான் படும். அங்கிருக்கும் எலும்புகள் சிறியவை, எளிதில் உடைபவை. வீசிய வலக்கை திரும்பி வரத் தாமதமானால் வலப்பக்கக் கன்னம் எதிராளியின் இடது ஹூக்குக்கு, அதாவது பக்கவாட்டில் வளைந்து வரும் குத்துக்கு, திறந்து கிடக்கும்.

ஆனால் வெறும் உதையை மட்டும் அனுப்பினால், பழகிய எதிராளி காலைத் தூக்கித் தடுத்துவிடுவார். உடல் எடை ஊன்றியிருக்கும் காலை அவரால் தூக்க முடியாது. ஆகவே முதலில் எடையை அங்கே தள்ள வேண்டும். ஜாப் (முன்னால் உள்ள கையால் விடும் வேகமான நேர்குத்து), நேர் வலக்குத்து, இடது ஹூக், வலது கீழுதை என்ற வரிசையின் சூட்சுமம் இதுதான்: ஹூக் எதிராளியின் தலையை அவருடைய இடப்பக்கம் சாய்க்கிறது, எடை அவருடைய முன்காலில் இறங்குகிறது, உதை அங்கே போய்ச் சேருகிறது. நெதர்லாந்தின் டச்சுப் பாணி கிக்பாக்ஸிங்கின் உயிர்நாடி என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

அந்தப் பாணி ஜப்பான் வழியாக வந்தது. 1960களின் முற்பகுதியில் மூன்று கராத்தே வீரர்கள் பாங்காக்கின் லும்பினி அரங்கில், தாய்லாந்தின் சண்டைக்கலையான முவே தாயில் தேர்ந்த வீரர்களுடன் மோதினார்கள். இரண்டு ஆட்டங்களில் ஜப்பானியர் வென்றனர். தோற்றவர் கென்ஜி குரோசாகி. குத்துச்சண்டை ஏற்பாட்டாளர் ஒசாமு நோகுச்சி, 1966இல் இவ்வகை ஆட்டத்தைக் 'கிக்பாக்ஸிங்' என்ற பெயரில் ஜப்பானில் நடத்தத் தொடங்கினார். குரோசாகி டோக்கியோவில் மெஜிரோ ஜிம்மைத் திறந்தார். அவரிடம் பயின்ற யான் பிளாஸ், 1978இல் ஆம்ஸ்டர்டாமில் அதே பெயரில் இன்னொன்றைத் தொடங்கினார்.

அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. 1974இல் உருவான பி.கே.ஏ. (புரொஃபெஷனல் கராத்தே அசோசியேஷன்) அமைப்பு இடுப்புக்கு மேலே மட்டுமே உதைக்க அனுமதித்தது. உயர உதைப்பது களைப்பையும் ஆபத்தையும் கூட்டும் என்பதால் வீரர்கள் குத்துவதிலேயே நின்றுவிட்டார்கள். ரவுண்டுக்குக் குறைந்தது எட்டு உதைகள் கட்டாயம் என்று அந்த அமைப்பு விதி போட வேண்டியதாயிற்று. அந்த மரபில் வளர்ந்த ரூஃபஸின் கால்களுக்குக் கீழுதையைத் தடுக்கும் பழக்கம் இல்லாமல் போனதில் வியப்பில்லை. 1993இல் டோக்கியோவில் கசுயோஷி இஷி தொடங்கிய கே-1 என்ற கிக்பாக்ஸிங் போட்டி கீழுதையை அனுமதித்து, முழங்கையால் அடிப்பதை விலக்கியது. கீழுதைக்குப் பேர்போன எர்னஸ்டோ ஹூஸ்ட் அதன் கிராண்ட் பிரி பட்டத்தை நான்கு முறை வென்றார்.

தடுக்கும் முறையைத் தெரியாமல் இந்த ஆட்டத்துக்குள் வரவே கூடாது. முழங்காலை உயர்த்தி, கணைக்காலைச் சற்று வெளியே திருப்ப வேண்டும். அப்போது உதைப்பவரின் எலும்பினுடைய மெலிந்த கீழ்ப்பகுதி, தடுப்பவரின் தடித்த மேற்பகுதியில் மோதும். 2013இல் கலப்புச் சண்டை வீரர் ஆண்டர்சன் சில்வாவின் கால் எலும்புகள் உடைந்தது இப்படித்தான். கனமான பயிற்சிப் பையை மாதக்கணக்கில் உதைத்தால் எலும்பு மெல்ல மெல்ல அடர்த்தி பெறும். கணைக்காலில் பாட்டிலை உருட்டுவதால் எலும்பின் மேலுறை காயப்படுவதுதான் மிச்சம்.

தொடையில் பலமாக அடி விழுந்தால் முழங்காலை வலி பொறுக்குமளவு மடக்கி வைத்து, துணி சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வைத்து எடுக்க வேண்டும். நீட்டியபடி விட்டால் தசை சுருங்கிய நிலையிலேயே இறுகும். முதல் சில நாள் அழுத்தித் தேய்க்கக் கூடாது. அப்படித் தேய்ப்பது ரத்தக்கசிவைக் கூட்டும், தசைக்குள்ளேயே எலும்பு வளரும் அபாயத்தையும் ஏற்றிவிடும். வீக்கம் கூடிக்கொண்டே போய், வலி தாங்கமுடியாத அளவுக்கு ஏறி, பாதம் மரத்துப்போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.