கடிக்கு முன் ஒரு விலை, கடித்த பின் ஒரு விலை

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு அருகில் இருக்கும் பாஸ்டர் நிறுவனத்தின் கதை ஒரு நாய்க்கடியில் தொடங்குகிறது. 1902இல் லில்லி பாக்கன்ஹாம்-வால்ஷ் என்ற பெண் வெறிநோயால் இறந்தார். அன்று சிகிச்சைக்கு இமயமலைப் பக்கத்துக் கசௌலிக்குத்தான் போக வேண்டும். அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடை துணையாக, 1907இல் இந்த நிறுவனம் எழுந்தது. நாய்க்கடி மருந்தோடு, கக்குவான் உள்ளிட்ட மூன்று நோய்களைத் தடுக்கும் குழந்தைகளுக்கான முத்தடுப்பு ஊசி மருந்தையும் பின்னாளில் இங்கேயே தயாரித்தார்கள்.

ஒரே வளாகத்தில் பிறந்த இரண்டு மருந்துகள். நம் மனசில் இரண்டுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. நாய் கடித்துவிட்டால் கம்மலை அடகு வைத்தாவது ஊசி போட்டுவிடுவோம். குழந்தைக்குக் கக்குவான் வராமல் இருக்கப் போடும் ஊசி என்றால், "ஜுரம் வரும், ராத்திரி பூரா அழும்" என்று அடுத்த வாரத்துக்குத் தள்ளுவோம். அதுவும் சும்மா கிடைக்கும்போதே.

ஒரு தடுப்பூசிக்கு மக்கள் அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பார்கள் என்று அளப்பதற்குப் பொருளியலில் தனித் துறையே இருக்கிறது. தேயிலைக்கு இந்தத் தொல்லை இல்லை. குன்னூர் ஏலத்தில் வாங்குபவர் சாம்பிளை வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்துவிட்டு விலை கேட்கிறார். தடுப்பூசியை அப்படிச் சுவைக்க முடியாது. அது நன்றாக வேலை செய்தால் நடப்பது ஒன்றுமே இல்லை. வராத நோய்க்கு யார் ரசீது கொடுப்பது?

எளிய வழி, நேராகக் கேட்பது. "500 ரூபாய் என்றால் போடுவீர்களா?" ஆம் என்றால் 1000, இல்லை என்றால் 250. இதில் ஒரு கோளாறு உண்டு. முதலில் கேட்ட தொகையே பதிலை இழுத்துவிடும். போதாததற்கு, கையிலிருந்து காசு போகாதவரை எல்லோரும் தாராளப் பிரபுக்கள்தான்.

அதனால் சீட்டுக் குலுக்கல் போன்ற ஒரு உத்தியைக் கண்டுபிடித்தார்கள். உங்கள் உச்ச விலையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு, பல விலைகள் எழுதிய சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுப்பார்கள். நீங்கள் 400 சொல்லி, சீட்டில் 150 வந்தால் 150க்கே ஊசி. 600 வந்தால் ஊசி கிடையாது, பேரமும் கிடையாது. சொன்ன தொகை நீங்கள் கட்டும் விலையை மாற்றாது. வாங்குவீர்களா மாட்டீர்களா என்பதை மட்டுமே தீர்மானிக்கும். குறைத்துச் சொன்னால் கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஊசி கைநழுவும். கூட்டிச் சொன்னால் மனசில்லாத விலைக்கு வாங்கி மாட்டிக்கொள்வீர்கள். உள்ளதைச் சொல்வதுதான் லாபம்.

வருமானம், நோய் பற்றிய பயம், பக்கவிளைவு பற்றிய பயம், டாக்டர் மேல் உள்ள நம்பிக்கை எல்லாம் இந்தத் தொகையை ஏற்றி இறக்கும். எதிர்பார்க்கக்கூடியதுதான். வியப்பூட்டுவது பூஜ்யத்தின் பக்கத்தில் நடப்பது. கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த குடற்புழு மாத்திரைக்குச் சிறு கட்டணம் வைத்துப் பார்த்தார்கள் பொருளியலாளர்கள் மைக்கேல் கிரேமரும் எட்வர்ட் மிகுவேலும். 75 விழுக்காடாக இருந்த பயன்பாடு 18க்கு விழுந்தது.

பூஜ்யமும் பல சமயம் பூஜ்யம் இல்லை. கூடலூர் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து குழந்தையோடு ஆஸ்பத்திரிக்கு இறங்கும் அம்மாவுக்கு ஊசி இலவசம்தான்; பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் அவள் கணக்கு. ராஜஸ்தானின் உதய்ப்பூர் கிராமங்களில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டார்கள். ஒன்றும் செய்யாத ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 6 விழுக்காடு. ஊருக்கே முகாம் வந்தபோது 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பும், எல்லாம் முடித்ததும் எவர்சில்வர் தட்டுகளும் கொடுத்தபோது 39. பருப்பு வாங்கிக் கொடுத்தும், ஒரு குழந்தைக்கான செலவு ஏறவில்லை, ஏறக்குறைய பாதியானது. நர்ஸ் எப்படியும் முகாமில் உட்கார்ந்திருக்கிறார், வரிசை நீண்டால் செலவு பங்காகிறது. லஞ்சம் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

இன்னொரு சிக்கல் உண்டு. ஊரில் 95 விழுக்காடு பேருக்காவது தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருந்தால், ஊசி போட முடியாத கைக்குழந்தையும் தப்பித்துவிடும். என் பிள்ளைக்குப் போட்ட ஊசியின் பலனில் ஒரு பங்கு பக்கத்து லைனுக்குப் போகிறது. அந்தப் பங்குக்கு நான் காசு எடுத்து வைக்க மாட்டேன். ஆளாளுக்குச் சொல்லும் தொகையையெல்லாம் கூட்டினாலும் ஊசியின் முழு மதிப்பு வராததற்கு இதுவே காரணம்.

மறுபடி நாய்க்கடிக்கு வருவோம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற காலம் போய்விட்டது. தோலுக்குள் போடும் இன்றைய முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாட்கள். அரசு மருத்துவமனையில் காசில்லை. முதல் நாள் ஜீப் வாடகை எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. 28ஆம் நாள் காயம் ஆறியிருக்கும், கடித்த நாயும் தெருவில் வாலாட்டிக்கொண்டு திரியும். தோட்டத்தில் கொழுந்து மண்டிக் கிடந்தால், அன்றைய கூலிதான் அந்த நாலாவது ஊசியின் விலை.