நெடுஞ்சாலையில் எட்டாத தண்ணீர்

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர், வார இறுதியில் சுங்கை சிப்புட் தோட்டப்புறத்தில் வாழும் பெற்றோரைக் காணக் குடும்பத்தோடு காரில் செல்வது வழக்கமாம். நண்பகலில் நெடுஞ்சாலையின் தொலைவில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோலத் தெரிவதும், எவ்வளவு விரைந்தாலும் அது எட்டாமல் விலகிக்கொண்டே போவதும் ஏன் என்று பிள்ளைகள் துளைத்தெடுப்பதாக எழுதியிருக்கிறார். பாலைவனத்துக் கானல் நீருக்குச் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே என்ன வேலை என்பது அவருடைய ஐயம்.

கானல் நீருக்குப் பாலைவனம் கட்டாயமில்லை. சுடும் தரையும் அதைவிடக் குளிர்ந்த காற்றும் போதும். நண்பகல் வெயிலை உறிஞ்சும் தார்ச்சாலை 50 பாகை செல்சியசுக்கும் மேல் சூடேறுகிறது. அதை ஒட்டிய மெல்லிய காற்றடுக்கும் சூடாகி அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் ஒளி சற்று வேகமாகச் செல்லும் என்பது பள்ளியில் படித்ததுதான்.

இனி நடப்பதுதான் அழகு. அடிவானத்தை ஒட்டிய வானத்திலிருந்து மிகச் சாய்வாகச் சாலையை நோக்கி இறங்கும் ஒளியலையின் கீழ்விளிம்பு சூடான காற்றில் முந்துகிறது, மேல்விளிம்பு பின்தங்குகிறது. ஒரு பக்கச் சக்கரம் சேற்றில் இறங்கிய டிராக்டர் அந்தச் சேற்றுப் பக்கமே திரும்புவதைப் போல, ஒளியும் தன் வேகம் குறையும் பக்கமான மேல்நோக்கித் திரும்புகிறது. தாரைத் தொடாமலேயே வளைந்தேறி நம் கண்ணை வந்தடையும் அந்த ஒளி நேர்க்கோட்டில் வந்ததாகவே மூளை கணக்கிடுவதால், வானத்தின் ஒரு துண்டு சாலைமீது கிடப்பதாகத் தோன்றுகிறது. நம் நாட்டு வானம் பெரும்பாலும் மேகம் படர்ந்தது. ஆகவே நம் கானல் நீரும் வெள்ளியாக மின்னுகிறது. சூடான காற்று ஓயாமல் கிளம்பி மேலெழுவதால் அது தளும்பவும் செய்கிறது.

இந்த வளைவு எவ்வளவு சிறியது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மேலிடுகிறது. வெற்றிடத்தைவிடக் காற்றில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகச் செல்கிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் 30 பாகை செல்சியசில் ஏறத்தாழ 1.000263, 50 பாகை செல்சியசில் 1.000247. இந்த நூலிழை வேறுபாட்டைக் கொண்டு கணக்கிட்டால், சாலையோடு ஏறத்தாழ மூன்றில் ஒரு பாகைக் கோணத்துக்குள் சாய்ந்து வரும் ஒளி மட்டுமே திரும்ப முடியும். காரில் அமர்ந்திருப்பவரின் கண் 1.2 மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தக் கோணம் சுமார் 200 மீட்டருக்கு அப்பால்தான் அமையும். கார் முன்னேறினாலும் கண்ணின் உயரமும் கோணமும் மாறாததால் இடைவெளியும் மாறுவதில்லை. கண் 2.4 மீட்டர் உயரத்தில் இருக்கும் லாரி ஓட்டுநருக்கு அதே தண்ணீர் 400 மீட்டருக்கு அப்பால் தொடங்கும். பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைகள் தலையைத் தாழ்த்திப் பார்த்தால் தண்ணீர் கிட்டே வருவதைக் காணலாம். ஓட்டுபவர் இதைச் செய்து பார்க்க வேண்டாம். நெடுஞ்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியதும் காட்சி மறைந்துவிடும். நிழல் விழும் செம்மண் சாலையில் சூடும் போதாது, அவ்வளவு நீண்ட நேர்ப்பார்வையும் கிடைக்காது.

1798இல் நெப்போலியனுடன் எகிப்துக்குச் சென்ற படைவீரர்கள் தாகத்தால் தவித்தபோது, எதிரே தெரிந்த கிராமங்கள் ஏரியில் மிதக்கும் தீவுகளாகக் காட்சி தந்து ஏமாற்றின. உடன் சென்ற கணித அறிஞர் காஸ்பார் மோன்ஜ் அதற்கு ஒளியியல் விளக்கம் தந்தார். பாலைவழி நடந்த நம் முன்னோர் இதனைப் பேய்த்தேர் என்றனர். ஒளியியல் வளராத காலத்து மக்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆனால், இன்றும் விபத்து நடந்த வளைவில் ஆவி நிற்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவோரை என்னால் அப்படி மன்னிக்க முடியவில்லை. கானல் நீர் மனமயக்கமன்று. ஒளி உண்மையாகவே வளைந்து வருவதால் கைப்பேசிக் கேமராவிலும் அது பதிவாகும்.

வாசகியின் பயணத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாலை மழை சாலையைக் குளிர்வித்துவிட்டால் கானல் நீருக்குத் தேவையான வெப்ப வேறுபாடு போய்விடும். அதன்பின் மின்னுவது பெரும்பாலும் உண்மையான தண்ணீர். அதில் வேகமாகச் செல்லும் டயர் சாலைப் பிடிப்பை இழந்து வழுக்கக்கூடும்.