தண்ணீர் பாட்டிலில் காஸ்டிக்

இந்த வருடத்தில் நான் விசாரிக்கப் போன மூன்றாவது கேஸ் இது. இரவு ஷிப்ட், நல்ல தாகம், மேஜை மேல் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். உள்ளே இருந்தது காஸ்டிக் சோடா என்கிற கடுமையான காரத்தின் (அல்கலி) கரைசல். தொட்டி கழுவுவதற்காகப் பெரிய கேனிலிருந்து யாரோ கொஞ்சம் ஊற்றி வந்து, மீதியை அப்படியே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஒரு மடக்கு உள்ளே போன பிறகுதான் குடித்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூட இருந்தவர்கள் பதறிப்போய் உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்துவிட்டார்கள். உள்ளே இறங்கும்போது ஒருமுறை வெந்த தொண்டை, வெளியே வரும்போது இன்னொரு முறை வெந்தது. நல்ல மனதோடு செய்தவர்களைத் திட்ட மனம் வரவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

விசாரணைக்கு உட்கார்ந்தால் சூப்பர்வைசர் சொல்கிறார், "நல்லவேளை சார், ஆசிட் இல்ல, காஸ்டிக்தான்." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆசிட் பட்டால் திசுவின் புரதம் உறைந்து பொருக்கு மாதிரி ஆகும், அது மேற்கொண்டு உள்ளே இறங்குவதை ஓரளவாவது தடுக்கும். காரம் அப்படி நிற்காது, கொழுப்பைச் சோப்பாக்கித் திசுவைக் கரைத்துக்கொண்டே போகும். விரலில் பட்டதும் வழவழவென்று இருக்கிறதே, அது உங்கள் தோலின் கொழுப்பு சோப்பாகிக்கொண்டிருப்பதால்தான். முதலில் பெரிதாக எரியாது என்பதால் கழுவாமலே வேலையைத் தொடர்கிறவர்கள் உண்டு. கண்ணில் பட்டால் ஆசிட்டைவிடக் காரம் மோசம், எந்தக் கண் மருத்துவரையும் கேட்டுப் பாருங்கள். குடித்தவருக்கோ, வாரங்கள் கழித்து உணவுக்குழாய் சுருங்கி, விழுங்குவதே பாடாகிவிடலாம். இதில் எங்கே இருக்கிறது நல்லவேளை?

இன்னொரு மேதாவித்தனம், "காரத்துக்கு எதிர் அமிலம்தானே, கொஞ்சம் வினிகர் ஊற்றினால் சரியாகிவிடும்" என்பது. அந்த வினையில் சூடு கிளம்பும், அதுவும் புண்ணின் மேலேயே. பள்ளிக்கூடத்து வேதியியல் குடுவையோடு நிற்கட்டும். கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுங்கள். கண் கழுவும் குழாய் 10 விநாடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும், தயவுசெய்து அதற்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி கூடவே கூடாது. வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது பெரிய கேனின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இவர்கள் பாட்டிலைத்தான் கொண்டுபோனார்கள், அதில் குடிநீர் கம்பெனியின் பெயர்தான் இருந்தது.

பாட்டிலில் பெயர் எழுதக்கூடாதா என்றால் சூப்பர்வைசர் சொல்கிறார், "எங்க ஆளுங்களுக்கு எது எதுன்னு தெரியும் சார்." சரி, நேற்று சேர்ந்தவருக்கு? கேனிலிருந்து ரசாயனம் இறங்கினால் பெயரும் கூடவே இறங்க வேண்டும். பெயர், செறிவு, ஆபத்துக் குறி, ஊற்றிய தேதி, இதெல்லாம் எழுத ஒரு நிமிடம் ஆகுமா? குடிக்கிற பாட்டில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டவே வேண்டாம், லேபிள் ஒட்டினாலும் வேண்டாம்.

அதே இடத்துக் கிடங்கில் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) கேனும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேனும் ஒரே தட்டில் நிற்கின்றன, இரண்டும் ஒரே நீல நிறம். கசிந்து கலந்தால் குளோரின் வாயுதான். காற்றைவிட சுமார் 2.5 மடங்கு கனம் என்பதால் தரையோடு படரும், பள்ளத்தில் தேங்கும். மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் முற்றலாம், அதனால் "இப்போ பரவாயில்ல" என்கிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். எதை எதோடு வைக்கக்கூடாது என்று ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உள்ள பாதுகாப்புத் தரவுத் தாளின் (SDS) 16 பகுதிகளில் பத்தாவது பகுதியில் தெளிவாகவே இருக்கிறது. தாள் எங்கே என்று கேட்டேன். பீரோவில் இருக்கிறதாம், பூட்டி. சாவி மேனேஜரிடம், மேனேஜர் லீவில்.

கொண்டுபோகும்போதும் இதே அலட்சியம்தான். கேனை மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். டிராலியில் ஏற்றும்போது கசிவைத் தாங்கும் தட்டு அடியில் இருக்கட்டும். லிப்டில் கேனோடு ஆள் ஏற வேண்டாம். டோலுயீன் என்கிற கரைப்பான் கேனைக் காரின் பின் சீட்டில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று: ஒரு பொறி பட்டால் போதும், அதன் ஆவி 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும்.

திரும்பும் முன் அந்த ஷெட்டை ஒரு சுற்று வந்தேன். பெயரில்லாத பாட்டில்கள் பதினொன்று. இரண்டில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துச் சொல்கிறேன் என்று வந்தவரைத் தடுத்து நிறுத்துவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.