மாதவிடாய் நிற்கிற வயதும் வேலைக்குப் போகிற பெண்களும்

சோளகம் அடிக்கிற ஆடி மாதம். பழைய போர்முனையான முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற ஓர் அக்கா கிளினிக்குக்கு வந்தார். வயது 47. (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.)

"நெஞ்சுக்குள்ளால ஒரு சூடு கிளம்பி கழுத்து, முகமெல்லாம் ஏறுது டொக்டர். முகத்துக்குப் போடுற கண்ணாடியில ஆவி படிஞ்சு முன்னால ஒண்டும் தெரியுதில்லை. ரெண்டு மூண்டு நிமிசத்தில அடங்கிடும். பிறகு வேர்த்துக் கொட்டி, குளிரும்."

முழங்காலில் நின்று மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுகிற வேலை. பார்வை மங்குகிற அந்த இரண்டு நிமிடம் அங்கே சின்ன விஷயம் இல்லை. பிரசராக்கும் என்று பயந்து வந்திருந்தார். பார்த்தேன், பிரசர் சரியாகவே இருந்தது. கடைசியாக மாதவிடாய் எப்போது வந்தது என்று கேட்டேன். "அது ஏழெட்டு மாசமா ஒழுங்கில்லை. அதுக்கும் இதுக்கும் என்ன?"

நிறையவே இருக்கிறது. நாற்பதுகளின் நடுவில் சூலகங்கள் (முட்டை உருவாகும் உறுப்புகள்) சுரக்கிற ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் ஏறி இறங்கி, மெல்ல மெல்லக் குறைகிறது. உடலின் வெப்பத்தைச் சமநிலையில் வைத்திருக்கும் மூளைப்பகுதி அந்தக் குழப்பத்தில் தடுமாறுகிறது. சாதாரண சூட்டையே அதிகச் சூடு என்று எடுத்துக்கொண்டு இரத்தக்குழாய்களை விரித்து, வேர்க்க வைக்கிறது. 12 மாதங்கள் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால்தான் நின்றுவிட்டது என்போம். பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் அது நடக்கும். ஆனால் தொந்தரவுகள் அதற்குச் சில வருடங்கள் முன்பே தொடங்கிவிடும். 40க்கு முன் நின்றால் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். சத்திரசிகிச்சையில் இரண்டு சூலகங்களையும் எடுத்தவர்களுக்கோ இது ஒரே நாளில் வந்து நிற்கும்.

வன்னியில் இதை இப்போது பேச ஒரு காரணம் உண்டு. போர் முடிந்த 2009இல் முப்பது வயதில், பிள்ளைகளோடு முகாமுக்குள் போன பெண்கள் இன்று இந்த வயதில் நிற்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தனியாளாய் உழைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள். பள்ளிக்கூடம், வங்கி, பிரதேச சபை, ஆடைத் தொழிற்சாலை, வயல் என்று எங்கும் இருக்கிறார்கள். தனியார் துறையிலும் ஓய்வுபெறும் வயதை 60 ஆக்கிய சட்டம் 2021இல் வந்தது. அப்படியென்றால் இந்த மாற்றம் முழுவதும் வேலை செய்யும் இடத்தில்தான் கடக்கப்படப் போகிறது.

இவர்களுக்கு நித்திரை வராவிட்டால், மறதி வந்தால், சட்டென்று கோபம் வந்தால், சுற்றியிருப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அவவுக்கு யோசனை." நானும் பல வருடங்கள் முதலில் போரின் இழப்பைப் பற்றித்தான் கேட்டேன், மாதவிடாயைப் பற்றிக் கேட்கப் பிந்திவிட்டேன். யோசனையும் இருக்கும்தான். ஆனால் இரவில் மூன்று தடவை வேர்த்து நனைந்து எழும்புகிற ஒருத்திக்கு அடுத்த நாள் கணக்கு பிழைக்காமல் என்ன செய்யும்?

ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிற இன்னொரு அக்கா, மூன்றாவது தடவையாகச் சிறுநீர்த் தொற்றோடு வந்தார். ஈஸ்ட்ரஜன் குறைந்தால் சிறுநீர்ப் பாதையின் உட்புறமும் மெலிந்து வரண்டு போகும், தொற்று எளிதில் பிடிக்கும், அடிக்கடி போகவும் வரும். அவர் காலையில் வீட்டில் ஒரு தேநீர் குடித்தால் பின்னேரம் வரை தண்ணீர் தொடுவதில்லை. பையில் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது, மூடி திறக்கப்படவில்லை. "எழும்பிப் போனா லைன் நிண்டிடும். சுப்பவைசர் தம்பி என்ர மகன்ர வயசு, அவனிட்டை எப்பிடிக் கேக்கிறது?" நான் எழுதிக் கொடுத்த மருந்தைவிட, கேட்காமல் எழும்பிப் போகலாம் என்ற ஓர் ஏற்பாடுதான் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது.

மேற்பார்வை செய்கிறவர்களிடம் இதைத்தான் கேட்கிறேன். காரணம் சொல்ல வைக்காமல் கழிப்பறைக்கு விடுங்கள். ஜன்னலோரமோ மின்விசிறிக்குக் கீழோ இடம் மாற்றிக் கொடுங்கள். சீருடைத் துணி நைலோனாக இருந்தால் பருத்தியை யோசியுங்கள். கிளினிக் நாளில் அரை நாள் லீவு கேட்டால் எல்லோர் முன்னாலும் "என்ன வருத்தம்?" என்று விசாரிக்காதீர்கள். இருபது வருடம் ஒழுங்காக வேலை செய்தவர் இப்போது தடுமாறினால், எச்சரிக்கைக் கடிதத்துக்கு முன் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, ஏதும் உதவி வேணுமா?" என்று கேளுங்கள்.

சிகிச்சையும் இருக்கிறது. குறைந்த ஈஸ்ட்ரஜனை ஈடுசெய்யும் ஹோர்மோன் மாத்திரை என்றதும் புற்றுநோய் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் 2002இல் வெளிவந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வோடு பரவியது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63, அதாவது மாதவிடாய் நின்று பல வருடமானவர்களே அதிகம். அறுபதுக்குக் கீழே, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலோருக்கு நன்மைதான் கூடுதல் என்பது இன்றைய நிலைப்பாடு. மார்புப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொருந்தாது, அவர்களுக்கு வேறு மருந்துகள் உண்டு. பார்மசியில் தாங்களாக வாங்கிக் குடிக்கக்கூடாது. ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் உடனே வாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்து, மார்பு, பிரசர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். 35, 45 வயதுக்காரரை அவர்களே தேடி அழைப்பார்கள். உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முகமாலை அக்காவின் சம்மதத்தோடு, அவருடைய குழுத் தலைவரிடம் பேசினேன். சூடு ஏறத் தொடங்கினால் கருவியை வைத்துவிட்டுப் பின்னால் வந்து, நிழலில் முகக்கண்ணாடியைக் கழற்றலாம் என்று ஒத்துக்கொண்டார். இப்போது அக்காவின் கலண்டரில் மாதவிடாய் வந்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, சூடு ஏறிய நாளுக்கு நீலப் புள்ளி. நீங்களும் வரும்போது அப்படி ஒரு கலண்டரைக் கொண்டு வாருங்கள்.