பதிமூன்று சேனல், மூன்றுக்குத்தான் இடம்

பாம்பனில் இருந்து கடலுக்குப் போகும் படகில் வி.எச்.எஃப் செட் (கடலில் பேசும் ரேடியோ) வைத்திருப்பவர், பேசுவதற்கு முன் காதுகொடுப்பார். சேனலில் யாராவது பேசிக்கொண்டிருந்தால், அவர் முடிக்கும்வரை பொத்தானை அமுக்கமாட்டார். வைஃபையும் இப்படித்தான். ரவுட்டரும் சரி, போனும் சரி, காற்றில் இன்னொரு பேச்சு கேட்டால் வாய் திறக்காது. ஓய்ந்த பிறகும் ஒரு நொடியின் மிகச் சிறு துளி நேரம் பொறுத்தே பேசும். அந்தத் துளி ஆளுக்கு ஆள் மாறும். அதனால்தான் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆரம்பித்து முட்டிக்கொள்வது குறைகிறது.

தை அமாவாசைக்கு முந்தைய வாரம், ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தம் பக்கம் ஒரு லாட்ஜுக்குப் போயிருந்தேன். மூன்று தளம், தளத்துக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை பரப்பும் பெட்டி. எல்லா அறையிலும் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது, ஆனால் ஒரு போட்டோகூடப் போகவில்லை. போனில் அனலைசரைத் திறந்தேன், சுற்றியுள்ள வைஃபை எந்தெந்தச் சேனலில் இருக்கிறது என்று காட்டும் ஆப் அது. திரையில் ஒவ்வொரு ரவுட்டரும் ஒரு மணல்மேடு மாதிரி தெரியும். 1ஆம் சேனலில் இரண்டு மேடு, 6இல் மூன்று, எல்லாம் பக்கத்துக் கட்டடங்கள். லாட்ஜின் மூன்று மேடும் 3இல், இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்திருந்தன.

"அது காலியா கெடந்துச்சுண்ணே, அதான் போட்டேன்" என்றார் அங்கிருந்த தம்பி.

அவர் மேல் தப்பில்லை. எண்கள்தான் ஏமாற்றுகின்றன. வைஃபை பேசும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் நம் நாட்டில் 13 சேனல்கள். ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் பேச்சுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். 3இன் நடு 2422 மெகாஹெர்ட்ஸ். அது 2412 முதல் 2432 வரை படர்ந்து 1, 6 இரண்டின் மேலும் விழுகிறது. ஒன்றையொன்று தொடாமல் மூன்றுதான் நிற்க முடியும், வழக்கமாக 1, 6, 11.

சரி, காலியான 3ஐ விட்டு, நெரிசலான 1இலேயே போய்ச் சேர்வது எப்படி நல்லது? ஒரே சேனலில் இருந்தால் அடுத்தவர் பேச்சு புரியும், வெகு மெலிதாகக் கேட்டாலும் முறை வைத்து நிற்கலாம். பாதி மேலே விழுந்தால் புரியாது, வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் சுமார் நூறு மடங்கு வலுவாக இருந்தால்தான் ரவுட்டர் பொறுத்து நிற்கும். அதுவரை மேலேயே பேசும். இரண்டு பேர் தகவலும் சிதையும், திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டிவரும்.

தரைத்தளத்துக்கு 1, முதல் மாடிக்கு 6, மேல்மாடிக்கு 11 என்று மாற்றினோம். 13ஐத் தொடவில்லை, அமெரிக்காவில் வாங்கிய சில போன்களுக்கு அது கண்ணிலேயே படாது. அப்புறம், ரவுட்டர்கள் சிக்னல் அனுப்பும் சக்தியைக் குறைத்தோம். உரக்கக் கத்தும் ரவுட்டர் தெருக்கோடி வரை எல்லோரையும் காத்திருக்க வைக்கும்.

வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே 36, 40, 44 என்று எண்ணே நான்கு நான்காகத் தாவுகிறது, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் மேடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாது. ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்ட அது திணறும். அறைக் கதவைச் சாத்தியதும் போன் 2.4க்கே இறங்கிவிட்டது.